டீச்சரிடம் கேளுங்கள்: எலிப்படைக்கு நடுவே ஓர் அக்கா, ஒரு தம்பி

(கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர், வீடியோ கேம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி இது. சென்ற இதழில் ‘எ பிளேக் டேல்: இன்னொசென்ஸ்’ என்ற கேமைப் பற்றி ‘முதல் பாதி அருமை, அப்புறம் கதை கையை விட்டுப் போகிறது’ என்று அவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் சில இங்கே.)

நான் மொபைலில் லூடோ தவிர வேறு எதுவும் ஆடியதில்லை டீச்சர். அருமை என்று சொன்னீர்களே, அந்த முதல் பாதியில் அப்படி என்ன இருக்கிறது?
– கல்லூரி மாணவி, வேலந்தாவளம்

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன் கண்ணு. 1348 நவம்பர் மாதம். பிரான்சின் தென்மேற்கில் கியேன் என்ற பகுதி. அமிசியா ஒரு பிரபு வீட்டுப் பெண், வயது 15. அவள் தம்பி ஹியூகோவுக்கு 5 வயது. பிறந்ததிலிருந்தே அவன் ரத்தத்தில் ஏதோ கோளாறு. அம்மா அவனைத் தனியாக வைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால் ஒரே வீட்டில் இருந்தும் அக்காவுக்கும் தம்பிக்கும் சரியான பழக்கமே இல்லை. ஒருநாள், மத விரோதிகளைத் தேடிப் பிடிக்கும் கிறிஸ்தவ விசாரணைச் சபையின் வீரர்கள் வீட்டுக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்ட, இந்த இரண்டு பிள்ளைகள் மட்டும் தப்பி ஓடுகின்றன. வெளியே வந்தால் ஊரெல்லாம் பிளேக் என்ற கொள்ளைநோய். ஒரு பக்கம் இங்கிலாந்து – பிரான்ஸ் சண்டை. இருட்டில் மண்ணைப் பிளந்துகொண்டு எலிகள் வருகின்றன, ஆயிரக்கணக்கில். அமிசியாவின் கையில் இருப்பது ஒரு கவண்.

எனக்குப் பிடித்தது என்ன என்று கேட்டால், அந்தக் கை. ஒரு பொத்தானை அழுத்தினால் அமிசியா தம்பியின் கையைப் பிடித்துக்கொள்வாள். மறுபடி அழுத்தினால் ‘இங்கேயே இரு’ என்று விட்டுவிட்டுப் போவாள். போகலாம், ஆனால் ரொம்ப தூரம் போனால் அவனுக்குப் பயம் வந்துவிடும், குரல் கொடுக்கத் தொடங்குவான், அதைக் கேட்டுக் காவல்காரன் திரும்பிவிடுவான். அதனால் ஒவ்வொரு சந்திலும் யோசிக்க வேண்டியிருக்கிறது: இவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா, விட்டுப் போகலாமா? அக்கா தம்பி பாசத்தை வசனம் பேசிப் பேசிக் காட்டும் கேம்கள் உண்டு. இங்கே அது ஆடுகிறவரின் விரலுக்கு வந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆடியதும், யாரும் துரத்தாத இடத்தில்கூட நான் அந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஹியூகோ நன்றாக எழுதப்பட்ட குழந்தை. ஓயாமல் கேள்வி கேட்பான், நேரம் காலம் தெரியாமல் தவளையைப் பார்த்து நிற்பான், கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வழியில் பூ கண்டால் அக்காவின் தலையில் செருகிவிடுவான், பிறகு வரும் காட்சிகளில் அந்தப் பூ அவள் தலையிலேயே இருக்கும். வீரர்களுக்குப் பயந்து ஓடுகிற பெண்ணின் தலையில் ஒரு பூ. இதைச் செய்தவர்களுக்கு என் வணக்கம்.

அப்புறம் முதல் கொலை. நோய்க்குப் பயந்து வெறி பிடித்த ஒரு கிராமத்தில், தன்னைக் கொல்ல வந்த ஒருவனை அமிசியா கவண்கல்லால் அடித்து வீழ்த்துகிறாள். வேறு கேமாக இருந்தால் புள்ளி ஏறும், மணி அடிக்கும். இவளோ நிலைகுலைந்து போகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள். அதைப் பார்த்த பின்பு நமக்கும் கவணைச் சுழற்றும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

லூடோவிலிருந்து நேராக இதற்குத் தாவலாமா என்றால், தாவலாம். ஒரே வழிதான், வழிதவற முடியாது. 10 முதல் 12 மணி நேரத்தில் முடிந்துவிடும். தமிழில் எழுத்தோ குரலோ கிடையாது. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள், பாதி புரிந்தாலும் போதும்.

சித்தூர் கல்லூரியில் வரலாறு படிக்கிறேன் டீச்சர். 1348 என்று ஆண்டு போட்டுக் கதை சொல்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை?
– மாணவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி. கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்.

காலமும் இடமும் சரி. கொள்ளைநோய் 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்தில் கப்பல் வழியாக இறங்கியது. அடுத்த ஆண்டு பிரான்சின் தெற்கெல்லாம் பரவி போர்டோ நகரையும் பிடித்தது. இந்த கேமைச் செய்த அசோபோ ஸ்டூடியோ அதே போர்டோ ஊர்க்காரர்கள்தான், சொந்த மண்ணின் கதையைத்தான் எடுத்திருக்கிறார்கள். காடு, கற்சுவர், தேவாலயம், சேறு எல்லாவற்றிலும் அது தெரிகிறது.

கியேன் பகுதி நம்மைப் போன்ற எல்லைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். மக்கள் பேசியது காஸ்கன் என்ற மொழி, மேலே சட்டப்படி பிரெஞ்சு அரசன், ஆனால் பிரபுவாக இருந்து ஆண்டது இங்கிலாந்து அரசன். 1152-இல் நடந்த ஒரு கல்யாணத்தால் வந்த சொத்துத் தகராறு, 1453 வரை தீரவில்லை. நம் சித்தூர் தாலுகா கொச்சி ராஜாவிடம் இருந்தது, பக்கத்துப் பாலக்காடு மலபார் ஜில்லாவில் சென்னை மாகாணத்தோடு இருந்தது, 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லாம் கேரளம் ஆனது. நாம் பேசுவது தமிழ். கோடு எங்கேயோ போடுவார்கள், மாடு மேய்க்கிறவன் மேய்த்துக்கொண்டிருப்பான். கேமில் இந்தக் குழப்பம் அழகாக வரவேண்டிய இடம் இருக்கிறது. இரண்டு படையும் மோதி முடிந்த களத்தில், பிணங்களின் மேல் கால்வைத்து அந்தப் பிள்ளைகள் நடக்கிறார்கள். யார் எந்தக் கொடிக்காகச் செத்தான் என்று அங்கே தெரிவதில்லை. ஆனால் அதன்பிறகு ஆங்கிலேயர் வெறும் பாசறைக் காவல்காரர்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். அந்த மண் யாருடையது என்ற கேள்வியைக் கதை தொடவே இல்லை.

இங்கே ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மகள் ஜோன், ஸ்பெயின் பக்கத்துக் காஸ்டில் நாட்டு இளவரசனைக் கல்யாணம் செய்துகொள்ளப் புறப்பட்டு வழியில் போர்டோவில் தங்கினாள். 1348-இல், அங்கேயே கொள்ளைநோயில் போய்விட்டாள். வயது அமிசியாவை ஒத்திருக்கும். அரசன் மகளுக்கே அந்தக் கதி. கேமில் இவளைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் அந்த எழுத்தாளர்களின் டீச்சராக இருந்திருந்தால் அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

விசாரணைச் சபை விஷயத்தில் அதிகம் ஜோடித்திருக்கிறார்கள். அன்றைய பிரான்சில் அப்படி ஒரு சபை இருந்தது உண்மை, 1230-களிலிருந்து பெரும்பாலும் டொமினிக்கன் துறவிகள் நடத்தியது. அவர்கள் ஆளைக் கூப்பிட்டு விசாரித்து, பக்கம் பக்கமாக எழுதிவைத்து, மரண தண்டனை என்றால் அரசு அதிகாரியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இரும்புக் கவசம் போட்ட சொந்தப் படையோடு பிரபு வீட்டை உடைத்துக்கொண்டு நுழையும் சபையெல்லாம் கற்பனை. வைட்டாலிஸ் என்ற தலைமை விசாரணையாளரும் கற்பனைதான். கதைக்கு வில்லன் வேண்டும், சரி. ஆனால் மையும் காகிதமும் வைத்துக்கொண்டு ஒருவனை நடுங்கவைத்த உண்மையான சபை, இந்தக் கவசக்காரர்களைவிடப் பயங்கரமானது.

எலிக்கு வருகிறேன். கேமின் எலிகள் உயிரோடு, பசியோடு, வெள்ளம்போல வந்து ஒரு நொடியில் ஆளைத் தின்றுவிடும். வெளிச்சம் பட்டால் விலகும். பிளேக் அப்படி வந்ததில்லை. கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் 1894-இல் ஹாங்காங்கில் கண்டுபிடித்தார். எலியிடமிருந்து அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதை 1898-இல் பால் லூயி சிமோன் நம் துணைக்கண்டத்தில், கராச்சியில் வைத்துத்தான் காட்டினார். ஏனென்றால் 1896-இல் பம்பாயில் இறங்கிய பிளேக் அப்போது இங்கெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் பிளேக் மாரியம்மன் கோயில்களை இன்றும் பார்க்கலாம். அந்த நோய்க்கே பெயர் வைத்து அம்மனை உட்கார்த்திவிட்டார்கள்.

என் பாட்டி அந்த ஊர்க்காரி. பிளேக் காலத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் ஒரே ஒரு பயம்தான்: வீட்டு மூலையில், அரிசிப் பானைப் பக்கத்தில், செத்த எலி கிடக்கும். ஒன்று கிடந்தால் போதும். பாத்திரம் பண்டம் எடுத்துக்கொண்டு ஊரைக் காலி செய்து, தோட்டத்தில் சாளை போட்டுத் தங்கிவிடுவார்கள். உயிரோடு ஓடுகிற எலியைக் கண்டு யாரும் பயப்படவில்லை. ஓடாத எலியைக் கண்டுதான் பயந்தார்கள். எலியெல்லாம் செத்து முடிந்ததும் தெள்ளுப்பூச்சி வேறு ரத்தம் தேடி மனிதன் மேல் ஏறும், அதுதான் காரணம். இந்த கேம் அதை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அமைதியான சமையலறையில் ஒரே ஒரு செத்த எலியைக் காட்டி, அமிசியாவை அதைத் தாண்டிப் போகச் சொல்லியிருந்தால் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்திருப்பேன்.

1348 ஆட்களுக்கு எலிமேல் சந்தேகமே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் அரசனுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில், 1345 மார்ச்சில் சனி, வியாழன், செவ்வாய் மூன்றும் கும்ப ராசியில் கூடியதால் காற்று கெட்டுவிட்டது என்றார்கள். நம் பத்திரிகையின் ராசிபலன் பக்கத்துக்காரர் இதைப் படித்துச் சந்தோஷப்படட்டும். சாதாரண ஜனங்கள் அதைவிட மோசமான காரணம் கண்டுபிடித்தார்கள்: யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று. போப் ஆறாம் கிளெமென்ட் 1348-இலேயே ‘அவர்களும்தானே சாகிறார்கள்’ என்று எழுதித் தடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கூட்டமாக உயிரோடு எரித்தார்கள். பயந்த கிராமம் இரண்டு பிள்ளைகளைத் துரத்தும் காட்சியில் கேம் இந்த உண்மையின் வாசல்வரை வந்துவிடுகிறது. உள்ளே போகவில்லை. கதையின் பெரும்பழியைக் கடைசியில் ஒரே ஒரு கெட்ட கிழவன் தலையில் போட்டுவிடுகிறது.

பரீட்சைக்கு இதை நம்பாதே. ஆனால் வழியில் கிடைக்கும் அரும்பொருள்களின் குறிப்புகளைப் படி. அன்றாடப் பொருள்களைப் பற்றிச் சின்னச் சின்னதாக எழுதியிருக்கிறார்கள், பாடப்புத்தகத்தில் இல்லாத ருசி.

எட்டாம் வகுப்புப் பையன் கேட்கிறான். வரலாறுதானே, வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு அம்மா, எருத்தேன்பதி

வேண்டாம்மா. ஐரோப்பிய வயது முத்திரையே 18. பிணக்குவியல், தலையில் கல்பட்டுச் சாகும் ஆட்கள், எலி தின்னும் மனிதர்கள் என்று எல்லாவற்றையும் கிட்டத்தில் காட்டுகிறார்கள். ‘வரலாறுதானே’ என்று நாம் சொல்லும்போது பிள்ளைகள் உள்ளுக்குள் சிரிப்பார்கள். பையன் கொஞ்சம் பெரியவனானதும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு போர் அடித்துவிட்டது. குனிந்து போ, கல் எறி, பானையை உடை, மறுபடி குனிந்து போ. காவல்காரர்களும் சரியான மக்குகள். இதைப் போய்ப் பாராட்டுகிறீர்களே?
– பொள்ளாச்சி வாசகர்

கோபமே இல்லை. நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி சரி. பக்கத்தில் நின்றவன் பொத்தென்று விழுந்து செத்தாலும், கொஞ்ச நேரம் தேடிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று பழைய இடத்துக்கே போய் நிற்கும் காவல்காரனை எந்தப் பிரபு சம்பளம் கொடுத்து வைத்திருந்தானோ! பெரும்பாலான இடங்களில் ஒரே ஒரு விடைதான் அவர்கள் மனத்தில் இருக்கிறது. நாம் வேறு வழி யோசித்தால் செத்துப்போய்த் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஒரே அடியில் சாவு வேறு. கணக்கு வாத்தியார் தன் முறையில் போட்டால்தான் மார்க் கொடுப்பேன் என்பது போல.

ஆனால் எலியும் விளக்கும் வரும் இடங்களை நீங்கள் வேகமாகக் கடந்துவிட்டீர்களோ என்று சந்தேகம். வெளிச்சம் என்பது அங்கே தரை மாதிரி. கையில் ஒரு சுள்ளி எரிகிறது, அது அணைவதற்குள் அடுத்த தீச்சட்டிக்கு ஓட வேண்டும். தீ வைக்க ஒரு ரசாயனக் கலவை, அணைக்க இன்னொன்று, எலிகளை ஒரு மூலைக்கு இழுக்க வேறொன்று, கவசத் தலைக்காரன் தொப்பியைக் கழற்றி எறியும்படி எரிச்சல் உண்டாக்க மற்றொன்று. கந்தகம், வெடியுப்பு, சாராயம் என்று பொறுக்கிச் சேர்த்துக் கலக்க வேண்டும். சுற்றிலும் எலி நிற்க, லாந்தரைப் பிடித்துக்கொண்டு ஒரு வீரன் வருகிறான் என்று வையுங்கள். அவன்மேல் கல் எறிய வேண்டாம், லாந்தரை உடைத்தால் போதும். அப்புறம் நடப்பதை அமிசியா பார்க்கிறாள், ஹியூகோவும் பார்க்கிறான். சத்தத்தையும் கேட்டுப் பாருங்கள், அதைப் போட்டவர்கள் நம் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒலிவியே தெரிவியேரின் தந்தி வாத்திய இசையும் அப்படித்தான், அறுத்துக்கொண்டு வரும்.

பொருள் பொறுக்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே புலம்பிவிடுகிறேன். தம்பி காய்ச்சலில் அனத்திக்கொண்டிருக்கிறான், துரத்துகிறவர்கள் பின்னால் வருகிறார்கள், நாமோ மூலை முடுக்கெல்லாம் தோலும் கயிறும் தேடிக்கொண்டிருக்கிறோம். அவசரமும் அதுவும் ஒட்டவே இல்லை.

பேத்தி பேரன்களுக்குக் கதை சொல்லும் வயதில் உங்களுக்கு எதற்கு இந்த விளையாட்டு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மீனாட்சிபுரம்

ஐயா, நீங்கள் மாலையில் சீட்டுக்கட்டு எடுப்பதாகக் கேள்வி. நான் ஒன்றும் சொல்லவில்லையே.

என் லேப்டாப்பில் ஓடுமா டீச்சர்? 4 ஜிபி ரேம்.
– வாளையார் வாசகர்

ஓடாது. குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு, வன்தட்டில் சுமார் 50 ஜிபி இடம் கேட்கும். என்னிடம் இருப்பது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், புதிது வாங்கியதும் தள்ளிவிட்ட பழைய கம்ப்யூட்டர். அதிலேயே நன்றாக ஓடியது, மின்விசிறிதான் ரைஸ்மில் போலக் கத்தும். பழைய பிளேஸ்டேஷன் 4 யாரிடமாவது கிடைத்தால் அதிலும் ஆடலாம், 2019 மே மாதம் முதலில் வந்ததே அதற்கும் சேர்த்துத்தான்.

‘அப்புறம் கதை கையை விட்டுப் போகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கே, ஏன்? இரண்டாம் பாகம் வாங்க நினைக்கிறேன், வாங்கலாமா?
– கோபாலபுரம் வாசகி

முடிவைச் சொல்லாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன். ஊர் ஊராக ஓடிய பிறகு, பாழடைந்த ஒரு கோட்டையில் அந்தப் பிள்ளைகள் தங்குகிறார்கள். கூடவே வைத்தியரின் சீடன் லூகாஸ், திருட்டுத் தொழில் செய்யும் மெலி – ஆர்தர் என்ற உடன்பிறப்புகள், கொல்லன் மகன் ரோட்ரிக். பெரியவர்கள் யாரும் இல்லாத ஒரு வீடு. சமைத்து, சண்டை போட்டு, ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளக் கற்கிறார்கள். எனக்கு இன்னும் நான்கு அத்தியாயம் அங்கேயே இருந்திருந்தாலும் சம்மதம். ரோட்ரிக் என்றால் எனக்குத் தனிப் பிரியம், அதற்குமேல் அவனைப் பற்றிக் கேட்காதே.

அந்தக் கோட்டையிலிருந்து வெளியே வரவரக் கதை வேறாகிறது. ஹியூகோவின் ரத்தத்தில் இருப்பது வெறும் நோயில்லை, பழங்காலத்துச் சாபம்போல ஒரு சக்தி என்று ஆகிறது. ஆறாம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் ஜஸ்டீனியன் காலத்துப் பிளேக்கோடு அதற்கு முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு எலிகள் அந்தப் பையனின் சொல்லைக் கேட்கத் தொடங்குகின்றன. அந்த நிமிடம் எனக்குப் பயம் போய்விட்டது. யாருக்கும் அடங்காது, யாரையும் தெரியாது என்பதுதானே அந்த எலிகளின் பயங்கரம்? ஏவினால் பாயும் என்றான பிறகு அது ஒரு ஆயுதம், நம்மிடம் கவண் இருப்பதுபோல. கடைசிச் சண்டை எலிப்படைக்கும் எலிப்படைக்குமான யுத்தமாக வந்து நிற்கிறது. தொடக்கத்தில் ஒரு கல் எறிந்துவிட்டு மன்னிப்புக் கேட்ட பெண், அதற்குள் எத்தனையோ பேரை வீழ்த்திவிட்டாள், அதைப் பற்றி அவளுக்கே பேச நேரமில்லை. கொள்ளைநோய் ஏன் வந்தது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டதால் கதை சிறுத்துப் போகிறது. அன்று செத்துப்போன லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படி ஒரு பதில் கிடைக்கவே இல்லை.

ஆனாலும் முடித்தேன், ஹியூகோவுக்காக. நடுவில் ஓரிடத்தில் அக்கா இல்லாமல் அவனையே நாம் நடத்தும்படி வரும். அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்த கை இல்லாமல், அந்தக் குட்டை உருவத்தோடு பெரிய வீரர்களின் கால்களுக்கிடையில் ஊர்ந்து போகிறோம். பின்பாதியில் எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான்.

இரண்டாம் பாகம் ‘ரெக்வியம்’, 2022 அக்டோபரில் வந்தது. தெற்கே புரோவான்ஸ் பக்கம் போகிறார்கள், வெயிலும் சந்தையும் கடலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. எலிகள் இன்னும் அதிகம், திரையில் 3 லட்சம் வரை காட்ட முடியும் என்று அவர்களே பெருமையாகச் சொன்னார்கள், என்னைக் கேட்டால் 30 போதும். அமிசியாவாகக் குரல் கொடுத்த சார்லட் மெக்பர்னி அதற்காகப் பெரிய விருதுப் பட்டியலில் இடம்பெற்றார், தகுதியானதுதான். அதில் அமிசியாவின் கோபத்தின் விலையையும் கதை கொஞ்சம் கணக்குப் பார்க்கிறது, முதல் பாகம் பார்க்காமல் விட்டதை. ஆனால் முதல் பாகம் ஆடாமல் நேராக இதற்குள் போனால் ஒன்றும் ஒட்டாது. பழைய பிளேஸ்டேஷன் 4-க்கு அது கிடையாது, 5 வேண்டும், இல்லையென்றால் நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். முதல் பாகம் அடிக்கடித் தள்ளுபடியில் வருகிறது, முழு விலை கொடுக்காதே. அதை முடி, ஹியூகோமேல் பாசம் ஒட்டியதா என்று பார், ஒட்டியிருந்தால் மட்டும் அடுத்ததை வாங்கு.

(அடுத்த இதழில்: மொபைலில் ஆடக்கூடிய வரலாற்று கேம்கள் பற்றிய கேள்விகளை அனுப்பலாம். லூடோ வரலாற்றில் சேராது.)